சி டிரைவ் சிவந்துவிட்டது: துடைப்பதா, மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

வீட்டுக் கணினியைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டே. இடம் இல்லை என்பது ஒன்று. மெதுவாக ஓடுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால், ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். கோப்புகளை அழிப்பதற்குக் காசு செலவில்லை என்பதால் முதலில் கை போவதும் அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பழைய படங்களையும் பதிவிறக்கங்களையும் அழித்து முடித்த பிறகும் கணினி அதே வேகத்தில் ஊர்ந்தால், “இது பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம்” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் வழிகளில் எது எந்தக் கணினிக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.

திருச்சியில் என் அண்ணன் வீட்டில் 2017ஆம் ஆண்டு அசெம்பிள் செய்து வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. ஏழாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பிள்ளைகளின் பள்ளி வேலை, அண்ணனின் கணக்கு வழக்கு, மின்கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாம் அதில்தான். “ஆன் பண்ணிட்டு உள்ளே போய் இட்லி ஊத்தி வச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கு தம்பி” என்று அண்ணி சொன்னது மிகையில்லை. கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து உலாவியில் ஒரு பக்கம் திறக்கும் வரை நான்கு நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று.

எதையும் அழிப்பதற்கு முன், எதையும் வாங்குவதற்கு முன், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பது நல்லது. செயலி, நினைவகம் (ரேம்), டிஸ்க் ஆகிய மூன்றில் எது முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை அது சொல்லிவிடும். அண்ணன் வீட்டுக் கணினியில் செயலி 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் அசையாமல் நின்றது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அதன் கீழே இருந்த எண்: 100 சதவீதம் உழைத்துக்கொண்டிருந்த அந்த டிஸ்க் நொடிக்கு 1 எம்பி கூடப் படிக்கவில்லை.

இது முரண்பாடாகத் தோன்றலாம். ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன்மேல் ஒரு முள் அங்குமிங்கும் நகர்ந்து படிக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று. முள் சரியான தடத்துக்கு நகர மேலும் எட்டு, ஒன்பது மில்லி நொடி. ஆக ஒவ்வொரு சிறு கோப்புக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லி நொடி போனால், ஒரு நொடியில் எண்பது கோரிக்கைகளைத்தான் நிறைவேற்ற முடியும். ஒவ்வொன்றும் 4 கேபி என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 320 கேபி. ஒரே பெரிய திரைப்படக் கோப்பை நகலெடுக்கும்போது நொடிக்கு 100 எம்பிக்கு மேல் கொடுக்கும் அதே டிஸ்க், விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அலைவதால்தான் மூச்சு வாங்குகிறது. பெரிய கிடங்கில் சாமான் குறைவாக இருந்தாலும், நடந்து போய் எடுத்து வருபவர் ஒருவரே என்றால் அவர் நடைக்கு மேல் வேகம் வராது. கோப்புகளை அழிப்பதால் வேகம் பெரிதாகக் கூடாததற்குக் காரணம் இதுதான்.

அதற்காக அழிப்பது வீண் என்று சொல்லவில்லை. சி டிரைவ் சிவந்து, ஓரிரண்டு ஜிபி மட்டுமே மிஞ்சியிருக்கும் நிலையில் விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுவிடும். ரேம் போதாதபோது விண்டோஸ் தற்காலிகமாகப் பயன்படுத்தும் பேஜ் கோப்பு வளர இடம் இருக்காது. ஒரு வேர்டு கோப்பைச் சேமிப்பது கூடச் சிக்கலாகும். அந்த நெருக்கடியைத் தீர்க்க அழிப்பதுதான் வழி. ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் அழிக்காமல், இடத்தை எது பிடித்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். விஸ்ட்ரீ, வின்டிர்ஸ்டாட் போன்ற இலவச மென்பொருள்கள் டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்புறையின் அளவையும் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்திக் காட்டும். இவற்றில் விஸ்ட்ரீ, கோப்பு முறையின் அட்டவணையையே நேரடியாகப் படித்துவிடுவதால், மெதுவான டிஸ்க்கிலும் விரைவில் விடை சொல்லும்.

அப்படிப் பார்த்தபோது அண்ணன் வீட்டில் கிடைத்தவை எல்லா வீட்டிலும் கிடைப்பவைதான். டெலிகிராம் வழியாக இறங்கிய காணொளிகள், ஒரே பிடிஎஃப் நான்கு முறை இறங்கிக் கிடந்த டவுன்லோட்ஸ் கோப்புறை, அண்ணி அழித்தவை அப்படியே கிடந்த ரீசைக்கிள் பின், எப்போதோ எடுத்த ஐபோன் காப்பு நகல், பழைய அப்டேட்டுகளின் மிச்சம். கடைசியாகச் சொன்னதை நாமே கோப்புறைக்குள் போய் அழிக்கக் கூடாது. டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, கணினி அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துத் துடைக்கும் பொத்தானை அழுத்தினால் அது பட்டியலில் வரும். செட்டிங்ஸில் உள்ள ஸ்டோரேஜ் பகுதியும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அங்குள்ள தற்காலிகக் கோப்புகள் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் ஒரு வரியாக இருக்கும். வழக்கமாக அதில் டிக் இருக்காது. எல்லாம் குப்பைதானே என்று அவசரத்தில் எல்லாவற்றிலும் டிக் போட்டால், மின்கட்டண ரசீதும் ஸ்கேன் செய்து வைத்த பட்டாவும் சேர்ந்து போகும். பெரிதாகத் தெரிகிறதே என்று வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையில் கை வைப்பதும் அப்படித்தான். அது விண்டோஸின் உறுப்பு, எச்சம் அல்ல.

ரீசைக்கிள் பின்னை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் துடைத்ததில் அன்று மொத்தம் 30 ஜிபி அளவுக்கு இடம் கிடைத்தது. சிவப்புக் கோடு நீலமானது. கணினி தொடங்கும் நேரமோ இருபது நொடி கூடக் குறையவில்லை.

நம் ஊரில் அசெம்பிள் செய்த கணினிகளுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. விற்பவர்கள் 1 டிபி டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து, சிக்கு 100 ஜிபி மட்டும் ஒதுக்கித் தந்துவிடுவார்கள். விண்டோஸ் கெட்டுப்போனால் சியை மட்டும் ஃபார்மேட் செய்துகொள்ளலாம் என்பது அதன் நியாயம். அந்தக் காலத்துக்கு அது சரியான நியாயமும்கூட. இன்று சி திணறிக்கொண்டிருக்க, டியும் இயும் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கின்றன. இந்த நிலையில் எதையும் அழிக்கவே தேவையில்லை. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஒவ்வொரு கோப்புறையின் மீதும் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் உள்ள லொக்கேஷன் தாவலில் டி டிரைவைக் காட்டிவிட்டால், பழைய கோப்புகள் அங்கே நகர்ந்துவிடும். இனி இறங்குபவையும் அங்கேயே போகும். சியையே பெரிதாக்கிவிடலாமே என்று கேட்கலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், சிக்கு வலப்புறம் ஒட்டியே ஒதுக்கப்படாத இடம் இருந்தால்தான் அதற்குச் சம்மதிக்கும். அதாவது டியை முழுவதும் காலி செய்து நீக்க வேண்டும். ஒரு கோப்புறையை நகர்த்தினால் முடிகிற வேலைக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை.

வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவதா, கிளவுடுக்கு ஏற்றுவதா என்பது அடுத்த கேள்வி. குடும்பப் படங்கள் 100 ஜிபி இருந்தால், பழைய யூஎஸ்பி 2.0 துளையில் நொடிக்கு 35 எம்பி வீதம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நீல நிறத் துளையாக வரும் யூஎஸ்பி 3.0இல் கால் மணி நேரம் போதும். கிளவுடில் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை மின்னஞ்சலும் படங்களும் டிரைவும் பங்கிட்டுக்கொள்கின்றன. கூகுள் போட்டோஸின் அளவற்ற இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றுபோனது. ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி. ஆகவே காசு கொடுக்காமல் கிளவுடை நம்புவது சில முக்கிய ஆவணங்களுக்குத்தான் சரிவரும். அதிலும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஒத்திசைவில் இருக்கும் கோப்புறையில் ஒரு கோப்பை அழித்தால் கிளவுடிலும் அது அழியும். இடத்தை மட்டும் விடுவிக்க வேண்டுமானால், ஒன்டிரைவ் கோப்பின் மீது வலது கிளிக் செய்து இடத்தை விடுவிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெலீட் விசையை அழுத்தக் கூடாது. வெளி டிஸ்க்குக்கும் ஒரு சொல்: அங்கே நகர்த்திவிட்டு இங்கே அழித்தால் அது காப்பு நகல் ஆகாது. இருப்பது அப்போதும் ஒரே பிரதிதான், அதுவும் மேசையிலிருந்து கீழே விழக்கூடிய பிரதி.

ஒரே சொடுக்கில் கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றில் பல பெருமையாகக் காட்டும் ரிஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைப் பதிந்து வைக்கும் ஏடு) துடைப்பை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. மிகவும் பெயர் பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே 2017இல் தீநிரல் புகுந்து, ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் நடந்திருக்கிறது. பணமில்லாமல் உண்மையான பலன் தரும் வேலை, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் தாவலில் தானாகத் தொடங்குபவற்றை நிறுத்துவதுதான். அண்ணன் கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றையொன்று சந்தேகித்தபடி ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை நீக்கியதில் கிடைத்த பலன் 30 ஜிபியை அழித்ததில் கிடைக்கவில்லை.

இனி காசு செலவாகும் வழிகள். ரேமைக் கூட்டுவதா, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சில்லு வகைச் சேமிப்பகம் போடுவதா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்; இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க மனம் வராததும் இயல்பே. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பன்னிரண்டு மில்லி நொடி ஆகும் தேடலை அது மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கைப் போலவே இணைக்கப்படும் சாட்டா வகை எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கிறது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் நாம் உணரும் வேகம் அந்த எண்ணால் வருவதல்ல, தேடல் நேரம் மறைந்துபோனதால் வருவது. அதனால்தான் மதர்போர்டு பழைய சாட்டா 2 வகையாக இருந்து, அந்த 500 பாதியாகக் குறைந்தாலும் ஏமாற்றம் தெரிவதில்லை. அதே காரணத்தால்தான் நொடிக்கு 3,500 எம்பி என்று சொல்லும் என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகைக்காக மதர்போர்டையே மாற்றுவதும் வீட்டு வேலைக்கு அவசியமில்லை.

ரேமின் கதை வேறு. விண்டோஸும் உலாவியும் சேர்ந்தாலே 4 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி, மறுபடியும் படித்து, மறுபடியும் எழுதுகிறது. ஆகவே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதற்கு ரேம் பற்றாக்குறையும் ஒரு காரணமாக இருக்கலாம். கணினி தொடங்கும்போதே மெதுவாக இருந்தால் குற்றம் டிஸ்க்குடையது; தொடங்கிய பின் ஓரளவு ஒழுங்காக ஓடி, ஏழெட்டுத் தாவல்கள் திறந்ததும் நின்றுபோனால் குற்றம் ரேமுடையது. இரண்டு அறிகுறியும் சேர்ந்திருக்கும் கணினிக்கு எஸ்எஸ்டியே முதலில் என்பது என் முடிவு. ரேம் போதாமல் டிஸ்க்கில் எழுத நேர்ந்தாலும், அந்த டிஸ்க் எஸ்எஸ்டியாக இருந்தால் தடங்கல் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு ரேமை மட்டும் 8 ஆக்கினால், காலையில் இட்லி வேகும் வரை காத்திருப்பது மாறாது. 2025இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவையால் நினைவக விலை ஏறியிருப்பதும் இந்த வரிசைக்குச் சாதகமான காரணமே. எஸ்எஸ்டியும் அதற்கு விலக்கல்ல என்றாலும், இங்கே 256 ஜிபி போதும்.

வாங்குவதற்கு முன் சில பொருத்தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பக்கத்தில் எத்தனை ஸ்லாட் உண்டு, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும். டிடிஆர்3 வகை ரேம் பலகையை டிடிஆர்4 ஸ்லாட்டில் செருக முடியாது. மடிக்கணினியின் பலகை அளவில் சிறியது. சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 32 பிட் விண்டோஸ் இருந்தால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குத் தெரியாது. மடிக்கணினியில் டிவிடி டிரைவ் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செருகும் கேடி என்ற சட்டம் ஒன்றை வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் பொருத்திக்கொள்ளலாம்; 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன்களில் கேடி வருவதால் அளந்து பார்த்த பிறகே சென்னை ரிச்சி தெருவுக்கோ உள்ளூர்க் கடைக்கோ போக வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸில் 238 என்று தெரிந்தால் கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

எஸ்எஸ்டி போட்ட பின் பழைய விண்டோஸை அப்படியே குளோன் செய்வதா, புதிதாக நிறுவுவதா என்பதும் ஒரு தேர்வே. குளோன் செய்தால் டேலி கணக்கு மென்பொருள், பிரின்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் இருந்தபடி வந்துவிடும். எட்டு வருடக் குப்பையும் கூடவே வரும். புதிதாக நிறுவினால் ஒரு நாள் வேலை, ஆனால் கணினி உண்மையில் புதிதாகிவிடும். நேரம் இருப்பவர்கள் புதிதாக நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: முதலில் நிறுவியவர் உரிமம் உள்ள விண்டோஸைப் போட்டாரா, இல்லை ஏதோ ஆக்டிவேட்டரைக் கொண்டு ஏய்த்துவிட்டுப் போனாரா என்பதை. பின்னது என்றால் அதைக் குளோன் செய்வது நோயையும் சேர்த்துக் குடிவைப்பது. எஸ்எஸ்டி போடாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே விண்டோஸை மறுபடி நிறுவுவதில், சில மாதங்கள் தாங்கும் ஆறுதலுக்கு மேல் எதுவும் இல்லை.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸைப் போடுவது இன்னொரு வழி. அது தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதியதல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைப் பலர் திறந்தே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். உலாவியில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் அது போதும். தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. டேலியையும் டிஜிட்டல் கையொப்ப டோங்கிளையும் வைத்துக் கணக்கு வேலை பார்க்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இங்கும் ஹார்ட் டிஸ்க் சுழலும் வேகம் மாறப்போவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

புதிதாக வாங்குவதற்கு உண்மையான காரணம் வேகம் அல்ல, காலாவதி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் திட்டம் வீட்டுப் பயனர்களுக்கும் அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். ஏழாம் தலைமுறை ஒரு படியில் தவறிவிடுகிறது. அப்படி வாங்குவதானாலும், விலை குறைவு என்பதற்காக 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் கொண்ட புதிய மடிக்கணினியை எடுக்க வேண்டாம். முதல் பெரிய அப்டேட்டிலேயே சி சிவந்துவிடும். அந்தச் சேமிப்பகம் மதர்போர்டோடு ஒட்டியது, மாற்றவும் முடியாது. அந்தப் பணத்தில் அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழைய மடிக்கணினி எவ்வளவோ மேல். பேட்டரியை மட்டும் சோதித்து வாங்க வேண்டும்.

அண்ணன் வீட்டில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். பெட்டியைத் திறந்தபோது செயலியின் மின்விசிறிக்கு அடியில் தூசி கம்பளி போல் படிந்திருந்தது. சூடு ஏறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் அதையும் தூரிகையால் தட்டி எடுத்தோம். ரேமைத் தொடவில்லை. கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. பழைய 1 டிபி டிஸ்க் அதே பெட்டிக்குள் படங்களுக்கும் காணொளிகளுக்குமாக இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் அதன் உடல்நிலையைப் பார்த்தபோது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (தட்டின் சிறு பகுதிகள்) சில தென்பட்டன. அதனால் பிள்ளைகளின் படங்கள் மட்டும் வெளி டிஸ்க்கிலும் இரண்டாவது பிரதியாகப் போயிருக்கின்றன. “அப்போ நான் உக்காந்து அழிச்சதெல்லாம்?” என்று அண்ணி கேட்டார். ரீசைக்கிள் பின்னில் கிடந்தவற்றைத் திருப்பி எடுத்துக் கொடுத்தோம்.